சத்திரம் முதல் ஆதரவுக் குடியிருப்பு வரை: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து முதியோர் உறைவிட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முதியோருக்கு உணவு, பணம், மருத்துவம் ஆகிய மூன்றையும் அவர்கள் வாழும் இடத்திற்கே கொண்டு சேர்க்கும் வழிமுறைகளைத் தமிழக அரசு கடந்த அறுபது ஆண்டுகளில் படிப்படியாக உருவாக்கியுள்ளது. உறைவிடம் ஒன்று மட்டும் இந்த வளர்ச்சிக்கு வெளியே நிற்கிறது. தங்க இடமற்ற முதியவர் ஊரை விட்டு நீங்கி ஒரு நிறுவனத்திற்குள் சென்றால்தான் அதைப் பெற முடிகிறது. இந்த நிலை உருவான வரலாற்றைக் காஞ்சிபுரம் வட்டாரத்தின் பழைய அறநிலையங்கள், சென்னையின் காலனியக் கால அமைப்புகள், விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள், திட்டங்கள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவனப் பராமரிப்புக்கு மாற்றாகச் சமூகம் சார்ந்த ஆதரவுக் குடியிருப்பு அமைவதற்குத் தேவையான கூறுகள் தமிழகத்தில் தனித்தனியே இருக்கின்றன என்பதும், அவற்றை இணைக்கும் உரிமைசார் ஏற்பாடே இல்லை என்பதும் கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: முதியோர், ஆதரவுக் குடியிருப்பு, ஆதுலர் சாலை, சத்திரம், முதியோர் இல்லம், தொழில் வழித்தடம், குடியிருப்புரிமை.

முன்னுரை

2024 ஆகஸ்ட் 17 அன்று திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு வளாகம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் ரூ.706.50 கோடி செலவில் 13 அடுக்குமாடித் தொகுதிகளாக அதனை எழுப்பியது. மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் அதில் தங்குகின்றனர். ஊதியம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றை மட்டும் தந்தால் உற்பத்தி நடைபெறாது என்பதையும், உறைவிடமும் தொழிலின் அடிப்படைக் கட்டமைப்பே என்பதையும் அரசு ஏற்றுக்கொண்டதற்கு இவ்வளாகம் சான்றாகும்.

அதே வல்லம் வடகாலிலும், அதைச் சூழ்ந்த ஒரகடம், மாம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களிலும் முதுமை அடைந்து வாழ்வோருக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் கருதப்படவில்லை. மகன், மகள் வீட்டில் இடம் இல்லையென்றால் முதியோர் இல்லம் என்னும் ஒரே வழியே அவர்கள் முன் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள்; இந்திய அளவில் இவ்விகிதம் 8.6 விழுக்காடு. அரசின் மக்கள்தொகைக் கணிப்புகள் தமிழகத்தின் விகிதத்தை 2021க்கு 13.6 விழுக்காடாகவும் 2031க்கு 18.2 விழுக்காடாகவும் காட்டுகின்றன. கேரளத்திற்கு அடுத்த நிலையில் முதுமை மிகுந்து வரும் மாநிலத்தில், உறைவிடம் பற்றிய சிந்தனை ஏன் குடும்பம், இல்லம் என்னும் இரண்டு முனைகளிலேயே நின்றுவிட்டது என்பது வரலாற்று நோக்கில் விடை காண வேண்டிய வினாவாகும்.

சொல்லும் பொருளும்

‘இல்’, ‘இல்லம்’ ஆகிய சொற்கள் தமிழில் வீட்டையும் வீட்டு வாழ்வையும் குறிப்பவை. இல்லறம், இல்லாள், இல்லக்கிழத்தி ஆகிய சொற்களில் உரிமையும் பொறுப்பும் அடங்கிய வாழ்விடம் என்னும் பொருளே நிலவுகிறது. 20ஆம் நூற்றாண்டில் ‘அநாதை இல்லம்’, ‘முதியோர் இல்லம்’ என்னும் தொடர்கள் வழக்கிற்கு வந்தபோது அதே சொல் வீடற்றோர் தங்கும் நிறுவனத்தைக் குறிக்கத் தொடங்கியது. அங்கு வாழ்பவர் ‘இல்லவாசி’ எனப்பட்டார். ‘குடியிருப்பவர்’ என்னும் சொல் அவருக்கு வழங்கப்படவில்லை. இது வெறும் சொல் வேறுபாடு அன்று. குடியிருப்பவருக்கு வாடகை ஒப்பந்தமோ பட்டாவோ உண்டு. தன் கதவைத் தானே பூட்டவும், விருந்தினரை அழைக்கவும், விரும்பியதைச் சமைக்கவும் அவரால் இயலும். இல்லவாசி நிருவாகத்தின் இசைவோடு தங்குபவர்.

இக்கட்டுரையில் ‘நிறுவனப் பராமரிப்பு’ என்பது உறைவிடம், உணவு, கண்காணிப்பு மூன்றையும் ஒரே நிருவாகம் ஒரே கூரையின் கீழ் வழங்கும் முறையைக் குறிக்கிறது. ‘ஆதரவுக் குடியிருப்பு’ என்பது முதியவர் தம் ஊரிலோ அதன் அருகிலோ தமக்கே உரிய சிறு வீட்டில் வாழ, தேவைப்படும் உதவிகள் வெளியிலிருந்து அவரைத் தேடி வரும் முறையைக் குறிக்கிறது. முன்னதில் உதவியை இழப்பவர் உறைவிடத்தையும் இழக்கிறார்; பின்னதில் இரண்டும் வெவ்வேறு உரிமைகளாக நிற்கின்றன.

ஆதுலர் சாலையும் சத்திரமும்

ஒரகடத்திலிருந்து செல்லும் சாலை வாலாஜாபாத்தை அடையும் இடத்திற்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. வீரராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கோயில் கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய இச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மருந்துச் சரக்குகள் கொண்டு வருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் ஆகியோருக்கு வழங்க வேண்டிய நெல்லும் காசும் தனித்தனியே வரையறுக்கப்பட்டன. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

இதனை முதியோர் காப்பகம் எனக் கொள்வது பிழையாகும். கோயிலோடு இணைந்த கல்விச்சாலையின் மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரிய மருத்துவமனை அது. எனினும் இன்றைய வினாவுக்கு இக்கல்வெட்டு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, பேணும் பணி பல தொழில்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஊதியம் குறிக்கப்பட்டது. பேணுதல் என்பது வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற கடமையாக மட்டும் கருதப்படவில்லை. மற்றொன்று, நோயாளிக்குச் சேர வேண்டியவை கல்லில் எழுதப்பட்டதால் அவை நிருவாகியின் மனநிலையைச் சார்ந்திராமல் நிவந்தத்தின் கட்டளையைச் சார்ந்திருந்தன.

ஆதுலர் சாலை நோயுற்றோருக்கானது, சத்திரம் வழிச்செல்வோருக்கானது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம், பாலுச்செட்டிசத்திரம் ஆகிய இரண்டு ஊர்களின் பெயர்களில் இன்றும் சத்திரம் நிலைத்திருக்கிறது. தஞ்சை மராட்டியர் சத்திரங்களைப் பற்றி 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், வழிப்போக்கருக்கு உணவளிப்பதோடு நோயுற்றோருக்கு மருந்தும் பராமரிப்பும் வழங்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. ஆயினும் சத்திரத்தின் அடிப்படை இலக்கணம் தற்காலிகத் தங்கல் ஆகும். அங்கு வருபவர் போக வேண்டியவர். பல சத்திரங்கள் குறிப்பிட்ட சாதியினருக்கு மட்டுமே உரியனவாக இருந்தன என்பதையும் மறக்கலாகாது. நிலைத்து வாழ்வதற்கான உறைவிடத்தைப் பழைய அறநிலைய மரபு உருவாக்கவில்லை. அது குடும்பத்தின், குலத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது.

கஞ்சித்தொட்டி முதல் முதியோர் இல்லம் வரை

தற்காலிகத் தங்கல் நிலையான அடைக்கலமாக மாறிய வரலாற்றைச் சென்னையின் மணியக்காரர் சத்திரம் தெளிவாகக் காட்டுகிறது. மைசூர்ப் போரை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல், பசியால் நகரை நோக்கி வந்தோருக்குக் கஞ்சி ஊற்றும் இடமாக அது தொடங்கியது. 1799இல் அதனோடு ஒரு மருத்துவமனை இணைந்தது. அம்மருத்துவமனையின் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்னும் பெயர் வடசென்னை மக்களிடையே நெடுங்காலம் வழங்கியது. சத்திரம் ஆதரவற்ற முதியோரின் அடைக்கலமாகத் தொடர்ந்தது. பஞ்சம் நீங்கியபின் உழைக்க வல்லோர் ஊர் திரும்பியிருப்பர். திரும்ப இயலாதவர் எஞ்சினர். நெருக்கடிக் கால நிவாரணம் முதியோர் இல்லமாக உறைந்த முறை இது. முதியோர் உறைவிடம் தனியே திட்டமிடப்படாமல், வேறொரு பணியின் எச்சமாகப் பிறந்தது என்பது இங்குக் கவனத்திற்குரியது.

காலனியக் காலத்தில் இதற்கு இணையாக வேறொரு மரபும் வந்து சேர்ந்தது. 1812இல் சென்னையில் தோன்றிய ‘பிரெண்ட் இன் நீட்’ சங்கம் வறிய ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உதவியது. 1882இல் கொல்கத்தாவிற்கு வந்த ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்’ என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபை, வறிய முதியோருக்கான இல்லங்களைப் பின்னர் இந்திய நகரங்கள் பலவற்றில் நடத்தியது. குடும்பத்திலிருந்து முற்றிலும் பிரிந்த, துறவு மடத்தின் ஒழுங்கை ஒத்த கூட்டு வாழ்வு இவ்வில்லங்களின் வடிவமாயிற்று.

1978ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் சாவித்திரி வைத்தி சென்னையில் ‘விஸ்ராந்தி’ இல்லத்தைத் தொடங்கினார். கைவிடப்பட்ட முதிய பெண்களுக்கு அது புகலிடம் அளித்தது. ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ அமைப்பும் அதே ஆண்டில் தோன்றியது. சமய நிறுவனங்களுக்கு வெளியே, நடுத்தரவர்க்கக் குடிமைச் சமூகம் முதுமையைப் பொதுச்சிக்கலாகக் கண்டதன் அடையாளங்கள் இவை. பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே பெற்றோர் தெருவில் விடப்படுகின்றனர் என்னும் உண்மை பொதுவெளியில் பேசப்பட்டது. ஆனால் அவ்வுண்மைக்கு விடையாகக் கிடைத்த வடிவம் முந்தைய இல்லத்தின் வடிவமே. அவசரம் தீர்க்க வேண்டியிருந்த காலத்தில் வேறு வடிவத்தைத் தேட வாய்ப்பும் பொருளும் இல்லை.

ஓய்வூதியம், உணவு, சட்டம்

அரசின் பாதை இதிலிருந்து வேறுபட்டது. 1962 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் ரூ.20 ஓய்வூதியம் வழங்கப்பட்டது. முதியவரை ஓரிடத்திற்கு வரவழைக்காமல் அவர் இருக்கும் இடத்திற்குப் பணத்தை அனுப்புவது இத்திட்டத்தின் உட்பொருள். அஞ்சல்காரர் கொண்டு வரும் பணவிடை, முதியவரை அவருடைய ஊரிலேயே இருக்கச் செய்த முதல் அரசுக் கருவி எனலாம். இவ்வோய்வூதியம் 2011இல் ரூ.1,000 ஆகவும் 2023 ஆகஸ்டு முதல் ரூ.1,200 ஆகவும் உயர்ந்தது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பின்னர் ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் விரிந்தது. பள்ளிக் குழந்தைகளுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து முதியவருக்கும் உணவு கிடைத்தது.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளையும், இயன்முறை மருத்துவத்தையும், வலி தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நியாயவிலைப் பொருள்களை வீட்டிலேயே வழங்குகிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் ரூ.10 கோடியில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. பகலில் கூடிப் பேசி, உண்டு, மருத்துவ உதவி பெற்று, மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு இது.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஒரு போக்கு புலனாகும். பணம், உணவு, மருந்து, பகல்நேரத் துணை ஆகிய நான்கும் நிறுவனத்திலிருந்து விடுபட்டு முதியவரை நோக்கி நகர்ந்துள்ளன. ஆனால் ‘வீட்டைத் தேடி’ வரும் இவ்வுதவிகள் அனைத்தும் வீடு ஒன்று இருப்பதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. வீடே இல்லாதவரை, அல்லது இடிந்த கூரையின் கீழும் மகனின் திண்ணையிலும் வாழ்பவரை, இவை எவ்வாறு அடையும்?

இவ்விடத்தில் சட்டம் தரும் விடை குறுகியது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறும் உரிமையை முதியவருக்கு வழங்குகிறது. தமிழகத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதனை விசாரிக்கிறது. பேணுவதாக ஏற்று எழுதி வாங்கிய சொத்தைப் பேணாதபோது அந்த மாற்றத்தைச் செல்லாததாக்க 23ஆம் பிரிவு வழி செய்கிறது. வறிய முதியோருக்காக மாவட்டத்திற்கு ஒன்றேனும், குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், முதியோர் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என்கிறது 19ஆம் பிரிவு. ஆக, சட்டத்தின் பார்வையில் முதியவருக்கு உள்ள இடங்கள் இரண்டு: பிள்ளைகளின் வீடு, 150 பேர் தங்கும் இல்லம். 1999ஆம் ஆண்டின் தேசிய முதியோர் கொள்கை நிறுவனப் பராமரிப்பைக் கடைசிப் புகலாகக் கருதியது. எட்டாண்டுகளுக்குப்பின் வந்த சட்டமோ, அந்தக் கடைசிப் புகலுக்கு முந்தைய படிகளைப் பற்றிப் பேசாமல் விட்டது. வீட்டுப் பராமரிப்பையும் பகல்நேர மையங்களையும் சேர்த்து 2019இல் மக்களவையில் முன்வைக்கப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை.

உறைவிடமும் உதவியும் ஒரே நிருவாகத்தில் கட்டுண்டிருப்பதன் விளைவு 2018இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே வெளிப்பட்டது. ஒரு தனியார் இல்லத்தின் மீது எழுந்த புகார்களைத் தொடர்ந்து, அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் வெவ்வேறு காப்பகங்களுக்கு மாற்றப்பட்டனர். புகார்களின் மெய்ம்மை எதுவாயினும் அமைப்பின் குறை ஒன்று தெளிவாகிறது. நிருவாகத்தின் மீது விசாரணை வந்தபோது இடம்பெயர வேண்டியிருந்தவர்கள் அங்கு வாழ்ந்தவர்களே. அவர்களுக்கு அவ்விடத்தில் குடியிருப்புரிமை எதுவும் இல்லை.

தொழில் வழித்தடமும் முதுமையின் இரு முனைகளும்

திருப்பெரும்புதூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பிய வேளாண் பகுதி. 1996இல் ஹூண்டாய் நிறுவனத்தின் வருகையோடு இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய மாற்றம், 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை, 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிஸ்ஸான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு எனத் தொடர்ந்தது. நிலம் கையகப்படுத்தப்பட்டபோது குடும்பத்திற்குக் கிடைத்தது பணம். நிலம் முதியவரின் கையில் இருந்தவரை அது அவருக்கு வருவாயாகவும், குடும்பத்திற்குள் அதிகாரமாகவும், எதிர்காலப் பராமரிப்புக்கான பிணையாகவும் விளங்கியது. ரொக்கமாக மாறிய சொத்து பங்கிடப்பட்டபோது இம்மூன்றும் ஒருங்கே அகன்றன. நிலமில்லாக் கூலித் தொழிலாளருக்கோ இழப்பீடும் இல்லை. நடவும் களையெடுப்பும் அறுவடையும் தந்த வேலைநாள்கள் மட்டும் மறைந்தன. முதுமையிலும் செய்யக்கூடிய இலகுவான வேளாண் பணிகளுக்கு ஈடான இடம் தொழிற்சாலையில் இல்லை.

நோக்கியா தொழிற்சாலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நின்றபோது, இளைய தலைமுறையின் ஊதியமும் நிலையற்றது என்பது புலனாயிற்று. பெற்றோரைப் பேணும் பொறுப்பைப் பிள்ளைகளின் வருவாயோடு மட்டும் பிணைப்பது, உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு முதுமையைப் பிணைப்பதாகும்.

வழித்தடத்தின் முதுமைச் சிக்கலுக்கு மற்றொரு முனையும் உண்டு. வல்லம் வடகால் வளாகம் போன்றவற்றில் தங்கும் இளம்பெண்கள் பலர் பிற மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த வீடுகளிலும் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் உள்ளனர். மரபான ஏற்பாட்டில் மகளும் மருமகளும் பேத்தியும் செய்து வந்த பேணும் பணி அங்கே ஆளின்றி நிற்கிறது. ஆகவே, இவ்வழித்தடத்தில் கட்டப்பட்ட ஒவ்வொரு தொழிலாளர் விடுதியும் வேறோர் ஊரில் முதியோருக்கான துணை ஒன்றின் தேவையை உருவாக்குகிறது. முதல் தேவையை அரசும் தொழில்துறையும் கணக்கிட்டன. இரண்டாவது தேவை எவர் கணக்கிலும் இடம்பெறவில்லை.

தாமரைக்குளம்: இடைநிலை வடிவம்

தமிழகத்தில் இல்லத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட வடிவம் ஒன்று பேரழிவின் பின்னணியில் தோன்றியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் ‘தாமரைக்குளம்’ என்னும் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஏறத்தாழ 100 பேருக்கென, ஒரே கட்டடமாக இல்லாமல் சிறு குடில்களின் தொகுப்பாக, தோட்டமும் பொதுச் சமையலும் கொண்டதாக அது திட்டமிடப்பட்டது. குடியிருப்போர் தத்தம் உடல்நிலைக்கேற்ற பணிகளில் பங்கேற்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கட்டட அமைப்பிலும் அன்றாட வாழ்விலும் இல்லத்தின் இறுக்கத்தை இது தளர்த்தியது. எனினும் உறைவிடத்தையும் உதவியையும் வழங்கும் நிருவாகம் ஒன்றே என்பதால், மேற்கூறிய வரையறையின்படி இதுவும் நிறுவனப் பராமரிப்பின் மேம்பட்ட வடிவமே ஆகும்.

அதே பேரழிவின்பின் அதே அமைப்பு முன்னெடுத்த முதியோர் சுயஉதவிக் குழுக்கள் இன்னும் தொலைநோக்கு உடையன. கடலோர ஊர்களில் முதியோர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, சிறுதொகை சேமித்து, தமக்குள் கடன் பெற்று, மீன் விற்பனை, ஆடு வளர்ப்பு, சிறுகடை முதலிய தொழில்களை மேற்கொண்டனர். நோயுற்ற உறுப்பினரை மற்றவர் சென்று காண்பதும் குழு வாழ்வின் பகுதியாயிற்று. இங்கு முதியவர் உதவி பெறுபவராக மட்டுமன்றி உதவுபவராகவும் இருக்கிறார். தாமரைக்குளத்தில் வீடு உண்டு, ஊர் இல்லை. சுயஉதவிக் குழுவில் ஊர் உண்டு, வீடு இல்லை. இவ்விரண்டும் ஒரே இடத்தில் சேர்வதே ஆதரவுக் குடியிருப்பு.

பிற நாட்டு அனுபவங்கள்

இங்கிலாந்தில் 173 முதியோர் நிறுவனங்களை நேரில் ஆராய்ந்து பீட்டர் டவுன்செண்ட் எழுதிய ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ 1962இல் வெளிவந்தது. அங்கிருந்தோருள் பலர் நோயால் அன்றி, தக்க வீடும் சிறு உதவியும் இன்மையால் அங்கு வந்தவர்கள் என்பது அவர் காட்டிய உண்மை. அவர் கண்ட நிறுவனங்கள் பலவும் பழைய வறியோர் விடுதிக் கட்டடங்களிலேயே இயங்கின. கஞ்சித்தொட்டி முதியோர் அடைக்கலமான வரலாற்றோடு இது ஒத்திருக்கிறது. அதே 1962இல் சென்னை மாநிலம் ஓய்வூதியத்தைத் தொடங்கியது என்பதும் எண்ணத்தக்கது.

டென்மார்க் 1987இல் இயற்றிய முதியோர் குடியிருப்புச் சட்டம், பழைய வகை மருத்துவப் பராமரிப்பு இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்தியது. அவற்றுக்கு மாறாக, வாடகை உரிமையுடன் கூடிய சிறு வீடுகளும், உள்ளாட்சி அமைப்புகள் வழங்கும் வீட்டுச் சேவைகளும் வளர்ந்தன. உறைவிடமும் உதவியும் வெவ்வேறு உரிமைகள் என்னும் கொள்கை அங்குச் சட்ட வடிவம் பெற்றது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் சமூகப் பராமரிப்பு வீடுகளை விற்பனைக்கு வைத்தது. 65 வயதைக் கடந்தோர் குறுகிய காலக் குத்தகையில் இவ்வீடுகளைப் பெறலாம். ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ 32 சதுர மீட்டர். வீட்டோடு அடிப்படைச் சேவைத் தொகுப்பும் கட்டாயமாக இணைகிறது. ஒவ்வொரு தளத்திலும் பொதுக்கூடம் உண்டு. இந்த 32 சதுர மீட்டர் தமிழக ஊரக வீட்டுத் திட்டங்களுக்குப் புதிதன்று. 2024இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தின் வீடு 360 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 33 சதுர மீட்டர். வேறுபாடு வீட்டின் அளவில் இல்லை; வீட்டோடு இணைந்து வரும் சேவையில் உள்ளது.

அண்டை மாநிலமான கேரளத்தின் பட்டறிவு சேவைப் பகுதிக்கு முன்மாதிரியாகும். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அண்டைவீட்டாரின் வலைப்பின்னலாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதனைக் கொள்கையாக ஏற்று உள்ளாட்சி அமைப்புகளோடு இணைத்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலரும் செவிலியரும் இணைந்தால், படுக்கையில் வீழ்ந்தவரையும் அவருடைய வீட்டிலேயே பேண இயலும் என்பதை இது மெய்ப்பித்தது.

‘சமூகம்’ என்னும் சொல்லின் சிக்கல்

சமூகம் சார்ந்த பராமரிப்பை வரவேற்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, ‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்பதன் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் ‘பெண்கள் பார்த்துக்கொள்வர்’ என்பதே. திருமுக்கூடல் கல்வெட்டு பேணும் பெண்களுக்குக்கூட நெல்லும் காசும் குறித்தது. ஊதியம் குறிக்காத சமூகப் பராமரிப்பு அந்த 11ஆம் நூற்றாண்டு ஏற்பாட்டைவிடப் பின்தங்கியதாகும்.

இரண்டாவது சாதி. தமிழகச் சிற்றூர் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்தது. ஆதரவுக் குடியிருப்பு இவற்றுள் எங்கு அமைகிறது என்பதே யார் அதில் குடியேறுவர், யார் அங்கு உண்பர் என்பதைத் தீர்மானித்துவிடும். இதற்கு மாற்று முன்னுதாரணம் தமிழகத்திலேயே உண்டு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலில் திறக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள், 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 பிற வகுப்பினர் என்னும் விகிதத்தில், அடுத்தடுத்து ஒதுக்கப்பட்டன. பொது இடங்களும் அனைவருக்கும் ஒன்றாக அமைந்தன. சமத்துவபுரங்களின் வெற்றி தோல்விகள் தனி ஆய்வுக்குரியன. எனினும், ஒதுக்கீட்டு விதி இல்லாத குடியிருப்பில் ஊரின் பழைய பிரிவினையே மீண்டும் குடியேறும் என்னும் பாடம் அவற்றிலிருந்து பெறத்தக்கது.

கூறுகளை இணைத்தல்

மேற்கண்ட வரலாறு, ஆதரவுக் குடியிருப்புக்குத் தேவையான கூறுகள் பலவும் தமிழகத்தில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறது. 360 சதுர அடி வீட்டுக்கான திட்டம் உண்டு. கலந்து வாழும் தொகுப்புக் குடியிருப்புக்கு முன்மாதிரி உண்டு. சத்துணவுக் கூடம் ஊர்தோறும் உண்டு. மருந்தும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகின்றன. பகல்நேர மையத்தின் வடிவம் அறிவிக்கப்பட்டுள்ளது. முதியோர் சுயஉதவிக் குழு செயல்பட்டுக் காட்டியுள்ளது. பெருந்தொகையில் உறைவிடம் கட்டும் ஆற்றல் அரசு நிறுவனத்திற்கு உண்டு என்பதை வல்லம் வடகால் மெய்ப்பித்துள்ளது.

இல்லாதவை மூன்று. முதலாவது, முதியவரைத் தனிக் குடும்பமாகக் கருதும் வீட்டுவசதி விதி. ஊரக வீட்டுத் திட்டங்கள் மனையும் பட்டாவும் உடைய குடும்பத்தை நோக்கியவை. மகன் பெயரில் வீடு உள்ள விதவைத் தாய் அவற்றின் கண்ணில் வீடற்றவர் அல்லர். இரண்டாவது, வாழ்நாள் குடியிருப்புரிமை. வீட்டின் உடைமை ஊராட்சியிடமே இருக்கலாம். ஆனால் உதவி வழங்கும் அமைப்பு மாறினாலும் முதியவர் வெளியேற்றப்படாதிருக்க எழுத்து வடிவிலான உரிமை வேண்டும். உடைமை ஊராட்சியிடம் இருப்பதால், சொத்துக்காக உறவினர் நெருக்கும் நிலையும் தவிர்க்கப்படும். மூன்றாவது, வெவ்வேறு துறைகளின் உதவிகளை ஒருவருடைய அன்றாடத் தேவையோடு பொருத்தும் ஊதியம் பெறும் ஒருங்கிணைப்பாளர்.

இவ்வடிவம் எல்லா நிலைக்கும் பொருந்துமெனக் கருதலாகாது. முற்றிய மறதிநோய் உடையோர், இரவு பகல் இடைவிடாத கவனிப்புத் தேவைப்படுவோர் ஆகியோருக்கு நிறுவனப் பராமரிப்பு தேவைப்படும். வீட்டில் வன்முறைக்கு ஆளாகி உடனடியாக வெளியேற வேண்டியவருக்கும் இல்லமே முதல் புகலிடம். ஆதரவுக் குடியிருப்பின் பணி, இல்லம் தேவைப்படாதவர் இல்லத்திற்குச் செல்லாமல் காப்பதும், தேவைப்படுபவருக்கு இல்லத்தில் இடம் கிடைக்கச் செய்வதும் ஆகும்.

முடிவுரை

பழைய அறநிலையங்கள் நோயாளிக்குப் படுக்கையையும் வழிப்போக்கருக்குத் திண்ணையையும் தந்தன. நிலைத்த உறைவிடத்தைக் குடும்பத்திடம் விட்டன. காலனியக் காலத்தில் பஞ்ச நிவாரணத்தின் எச்சமாகவும் சமயத் தொண்டின் வடிவமாகவும் முதியோர் அடைக்கலங்கள் உருவாயின. விடுதலைக்குப்பின் பணமும் உணவும் மருந்தும் முதியவரைத் தேடி வரத் தொடங்கியபோதும், உறைவிடம் மட்டும் பழைய அடைக்கல வடிவத்திலேயே தங்கிவிட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 150 பேர் இல்லமாக உறுதிசெய்தது.

நிலமும் வேளாண்மையும் தந்த பிணையைத் தொழில் வழித்தடம் அகற்றியுள்ளது. அதே வழித்தடம், உறைவிடத்தைப் பொதுக்கட்டமைப்பாகக் கருதி அரசு கட்ட முடியும் என்பதையும் காட்டியுள்ளது. இவ்விரண்டும் ஒரே ஊரின் இரண்டு உண்மைகள். தொழிலாளியின் உறைவிடத்திற்குக் காட்டிய அக்கறை, நிலத்தை விட்டுக்கொடுத்த தலைமுறையின் உறைவிடத்திற்கும் நீள வேண்டும். அவ்வாறு நீளும்போது, திருமுக்கூடலில் பேணுவோருக்கும் பேணப்படுவோருக்கும் உரியவை கல்லில் எழுதப்பட்டது போல, முதியவரின் குடியிருப்புரிமையும் அவரைப் பேணுவோரின் ஊதியமும் எழுத்தில் நிலைபெறுதல் இன்றியமையாதது.